நாலுதான்

வெள்ளி இரவுதோறும்
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டிஏபி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து
போனில் வரைகிறேன்.
வாரத்துக்கு ஆறு கட்டம்.
உடும்பு என்று ஒருவன்,
அவன் பின்னால் ஓணான் என்று ஒருத்தி.
முந்நூறு பேர் படிக்கிறார்கள்,
பாதிப் பேர் திருப்பூரில், துபாயில்.
கற்பனை என்று நினைக்கிறார்கள்.
நல்லது.

உடும்பின் முகமூடி
பொட்டாஷ் சாக்கில் வெட்டியது.
மேலங்கி, நாற்றங்காலுக்கு வாங்கிய பச்சை நிழல்வலை.
கருவேல முள் எங்கிருந்தாலும் அதைத் தேடிப் பிடிக்கும்.
எடுத்துவிடுவது என் வேலை.
வீரனுக்குக் கூட்டாளி என்றால்
பெரும்பாலும் இதுதான்:
முள்ளெடுப்பது,
பைக்கை அணைக்காமல் வைத்திருப்பது,
அவன் வசனம் பேசும்போது
யாரோ வருகிறார்கள் என்று சொல்வது.

முதல் அத்தியாயம், நெல் கொள்முதல் நிலையம்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் கேட்டவனை
அவன் தராசிலேயே கட்டி நிறுத்தினோம்.
அறுபத்தெட்டு கிலோ காட்டியது.
"ஈரப்பதம் கழிச்சா அறுபது" என்றான் உடும்பு.
சிரித்துச் சிரித்து
முகமூடிக்குள் எனக்கு மூச்சு முட்டியது.
அந்தக் கட்டம்தான் எல்லோருக்கும் பிடித்தது.

பிறகு கொள்ளிடம்.
மேட்டூர் திறக்காத வைகாசி,
ஆற்றுக்குள் விளக்கில்லாமல் ஏழு டிப்பர்.
கடைசி வண்டியின் பின்கதவில் அவன் தொங்கினான்,
ஒரு கையில் இரும்பு, ஒரு கையில் நான்.
வண்டி மணலைக் கக்கிக்கொண்டு கரையேறியது.
என் முழங்கால் தரையில் தேய்ந்தது.
'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்':
இந்தப் பழமொழியை
யாராவது அலறிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?
நான் அலறினேன்.
விட்டான்.

உடும்பு விட்டதை
இருபத்தேழு வாரமாக
வரைய வரவில்லை.
கட்டம் போடுகிறேன்,
உள்ளே இருட்டை நிரப்புகிறேன்,
தொடரும் என்று எழுதுகிறேன்.

இன்னொன்றும் வரையவில்லை.
ஸ்டேஷனில் கேட்டார்கள், லாரி எண் பார்த்தாயா என்று.
வேலிக்கு ஓணான் சாட்சி.
காலில் பதினோரு தையலோடு
தையல்நாயகி என்கிற ஓணான் சொன்னாள்:
"இருட்டு சார். தெரியல."
தெரிந்திருந்தது.
பெஞ்சில் அவன்
கட்டுப்போட்ட இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு வருடம்.
ஒரே சீர்காழி, ஒரே பஸ் ஸ்டாண்டு.
கடைத்தெருவில் எதிர்ப்பட்டால்
இருவரில் ஒருவருக்குச் செருப்பு அறுந்துவிடும்.

நேற்று மத்தியானம் வந்தான்.
மின்வாரியச் சட்டை, காதோரம் நரை.
ஆதார் அட்டையை நீட்டி
யூரியா ரெண்டு மூட்டை என்றான்.
கைரேகைக் கருவியை நகர்த்தி வைத்தேன்.
வலது கட்டைவிரலை அது ஏற்கவில்லை.
கம்பி இழுத்து இழுத்து ரேகை போய்விட்டதாம்.
வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தான். இல்லை.
இடது கையை வைத்தான்.
சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில்
கவுண்டர் தெரிந்தது.
பீப்.
பஞ்சாட்சரம் என்று பெயர் வந்தது.

ரசீது கிழிக்கும்போது சொன்னான்:
"இடது கைக்கு அஞ்சு விரல் போடுற.
நாலுதான்."
"அது கதை."
"கதைதான்.
உன்னப் பிடிச்சிருந்தது வலது.
அதுக்கு ஒண்ணும் ஆகல."

மூட்டையை வண்டியில் ஏற்றினான்.
சாக்கின் நூல் கேரியரில் மாட்டிக்கொண்டு இழுத்தது.
கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போய்
எடுத்துவிட்டேன்.
அவன் அணைக்காமல் நின்றான்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று வெள்ளி. ஷட்டர் பாதி.
ஒரு விரலை அழித்தாயிற்று,
அதற்கு ஒரு நொடிதான் ஆனது.
ஆறாவது கட்டத்தில் டிப்பரின் முதுகு.
எண்பலகையை இத்தனை நாள்
வெறும் மஞ்சளாகவே விட்டிருந்தேன்.
முதல் இலக்கம் ஏழு.
பேட்டரி மூன்று சதவீதம்.